சந்தனம் அடைச்ச ஆறு கம்ப்யூட்டர்

ஒரு ஊர்ல ஒரு ஸ்கூல். அந்த ஸ்கூல்ல ஆறு கம்ப்யூட்டர். ஒவ்வொண்ணும் முதுகு பெருத்து, மஞ்சளா நெறம் மாறி, தூக்கினா இடுப்பு போயிடும். அகிலு, கேக்குறியா?

"ம். சொல்லு பெரியம்மா."

ஏதோ ஒரு ஆபீஸ்ல புதுசு வந்ததும் வேண்டாம்னு குடுத்தது. அதை வச்சுத்தான் எஸ்தர் டீச்சர் ஏழாம் வகுப்புப் பொண்ணுங்க முப்பத்திரண்டு பேருக்கும் சொல்லித் தந்தாங்க. ஒரு பெட்டிக்கு அஞ்சாறு பேர். ஒருத்தி கீபோர்டு, ஒருத்தி மவுஸ், மத்தவங்க வாயாலயே ஓட்டுவாங்க. "அந்தப் பக்கம் போடி." "முதல்ல சேவ் பண்ணுடி, நேத்து மாதிரி கரண்டு போயிடும்."

அப்புறம் ஆயுத பூஜை வந்துச்சு. லீவு விடுறதுக்கு முதல் நாள் பொண்ணுங்க கேட்டாங்க, "டீச்சர், சைக்கிளுக்கு, தையல் மெஷினுக்கு எல்லாம் பொட்டு வைக்கிறாங்க. நம்ம கம்ப்யூட்டருக்கு?" எஸ்தர் டீச்சர் சர்ச்சுக்குப் போறவங்க. இருந்தாலும், "வைங்க, ஆளுக்கு ஒண்ணு. தண்ணி மட்டும் தெளிக்காதீங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

ஆளுக்கு ஒண்ணு. அதுதான் வினையாச்சு. பொட்டை நெத்தியிலதானே வைக்கணும்? கம்ப்யூட்டருக்கு நெத்தி எது?

"டிவி மாதிரி இருக்குமே, அது."

பொண்ணுங்க ஆன் பண்ற பட்டன்தான் நெத்தின்னு முடிவு பண்ணிட்டாங்க. சந்தனத்து மேல சந்தனம், அதுக்கு மேல குங்குமம், அப்பு அப்புன்னு அப்பிட்டாங்க.

"அய்யய்யோ."

நாலு நாள் லீவு. மழை வேற. திரும்பி வந்து பார்த்தா, ஆறு பட்டனும் கல்லு. அமுக்கினா அசையலை. அப்போ பெரிய டீச்சர் வந்து சொன்னாங்க, "மத்தியானம் ஆபீசர் வேனோட வர்றார். எது ஓடலையோ அதைப் பழைய இரும்புக்கு ஏத்திடுவார்." ஆறும் போயிட்டா அப்புறம் கம்ப்யூட்டர் கிளாஸே கிடையாது. புத்தகத்துல படம் பார்த்துக்க வேண்டியதுதான்.

எஸ்தர் டீச்சர் திட்டலை. "வச்சது நீங்க, எடுக்கிறதும் நீங்கதான்"ன்னு பிளக்கை எல்லாம் புடுங்கிட்டு, ஆளுக்கொரு ஈர்க்குச்சி குடுத்தாங்க. சரக், சரக், சரக். இடுக்கு இடுக்காச் சுரண்டினாங்க. வெண்மதின்னு ஒரு வாயாடி, அவ பெட்டியிலதான் முதல்ல டக்குனு பட்டன் உள்ள போய் வெளிய வந்துச்சு. "நான் கொஞ்சமாத்தான்டி அப்பினேன்"னா. பொய். ரெண்டு உருண்டை அப்பினவ அவ.

அப்புறம் பிளக்கைச் சொருகி அமுக்கினாங்க. பீப்... பீப்... பீப்... ஆறும் கத்துது, திரை கறுப்பாவே இருக்கு. "சாபம் விடுதா டீச்சர்?" "மழை ஈரம்டி"ன்னு அவங்க மறுபடி பிளக்கை எடுத்து, பெட்டியைத் திறந்து, உள்ள இருந்து ஒரு பச்சைத் தகட்டைக் கழட்டிக் காட்டினாங்க. மெமரின்னு பேரு. அதோட ஓரத்துல தங்க நெறத்துல பல்லு பல்லா இருக்கும், அது மங்கிப் போயிருந்துச்சு. "ரப்பர் யார்கிட்ட இருக்கு?"ன்னு கேட்டாங்க.

"பென்சில் அழிக்கிற ரப்பரா?"

அதேதான். முப்பத்திரண்டு கையும் மேல போச்சு. சர் சர்னு தேச்சு, பொடியை ஊதி, திரும்பச் சொருகி ஆன் பண்ணினாங்க. இப்போ கத்தலை. உர்ர்ர்ருன்னு உள்ள காத்தாடி சுத்துது. தூங்கிட்டியா?

"ம்ஹும். ஆபீசர் வந்துட்டாரா?"

வந்துட்டார். செருப்பை வெளிய விட்டுட்டு உள்ள வந்து குனிஞ்சு பார்த்தார். ஆறு திரையிலயும் வெள்ளை எழுத்து ரெண்டு வரி, அப்படியே நிக்குது. கீழ தேதி, இருபது வருஷம் பழசு. "என்ன டீச்சர், இது எந்தக் காலத்துலயோ நிக்குதே. ஏத்துங்கப்பா"ன்னுட்டார். வேன்காரர் வந்து முதல் பெட்டியில கை வச்சார்.

"அண்ணே, கையை எடுங்க"ன்னா வெண்மதி.

அப்புறம் அவ கீபோர்டுல ஒரு பட்டனை அமுக்கினா. மத்த அஞ்சு பெட்டியிலயும் அஞ்சு பேர் உக்காந்தாங்க. டக் டக் டக். அன்னிக்குத் தேதி, மாசம், வருஷம், மணி. போட்டு முடிச்சு ஆறு திரையும் நீலமா விரிஞ்சதும் கையைக் கட்டிட்டு நின்னாங்க.

ஆபீசர் கேட்டார், "தேதி ஏன் அப்படிக் காட்டுச்சு?"

வெண்மதி சொன்னா, "உள்ள பேட்டரி செத்துப் போச்சு சார். அணைச்சா எல்லாம் மறந்துடும். தினமும் நாங்கதான் இதுக்குச் சொல்லித் தருவோம்."

"நீங்க இதுக்கா?"

"ஆமா சார். அதுக்கப்புறம்தான் இது எங்களுக்கு."

ஆபீசர் எஸ்தர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் நிமிர்ந்து நின்னாங்க, அவ்வளவுதான். அவர் பேப்பரை எடுத்து, "ஆறும் ஓடுகிறது"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேன் காலியாத் திரும்பிப் போச்சு.

அவங்க கிளாஸ் ஆரம்பிச்சாச்சு, நம்ம கதை ஆயாச்சு. கண்ணை மூடு அகிலு.

"...ம்."