ஆளுக்கு ஒரு மிடறு

"ஊரே பத்தி எரியுது. நீங்க ஒயின் குடிச்சிட்டு உட்கார்ந்திருக்கீங்களே அம்மா!"

கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து கத்தினார் சவரிநாதன். வடக்குக் குப்பத்தின் தலைவர். வயது அறுபது. கோபத்தை அடக்கக் கற்றுக்கொள்ள, ஏழு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் தியானம் சொல்லித்தரும் செசில் அம்மாவிடம் வருகிறவர்.

செசில் அம்மாவுக்கு வயது முப்பத்தெட்டு. கையில் ஒரு கிளாஸ். எதிரே மேஜையில் இன்னொரு கிளாஸும் நிரம்பியிருந்தது.

"நல்ல வெள்ளை ஒயின். ஜில்லுனு இருக்கு. உட்காருங்க."

"உட்காரவா? நேத்து ராத்திரி என் படகைக் கொளுத்திட்டானுங்க தெற்குக் குப்பத்துக்காரனுங்க. வலைத் தகராறு இனிமே பேசித் தீராது. விடியறதுக்குள்ள அவனுங்க படகு ஒண்ணு மிஞ்சாது. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். இனிமே இங்க வர மாட்டேன்."

"அந்துவான் படகும் அங்கதானே நிக்குது?"

அந்துவான் சவரிநாதனின் தங்கை புருஷன். தெற்குக் குப்பம். வலைத் தகராறு தொடங்கியதிலிருந்து, பதினொரு நாளாக இருவருக்கும் பேச்சில்லை.

"அதையும்தான் கொளுத்துவோம்."

செசில் அம்மா ஒரு மிடறு குடித்தார். அவசரமே இல்லை.

சவரிநாதன் பாய்ந்து வந்தார். மேஜையிலிருந்த கிளாஸை எடுத்துக் கொல்லை மண்ணில் கொட்டினார். செசில் அம்மா கையிலிருந்ததையும் பிடுங்கிக் கொட்டினார். பாட்டிலையும் கவிழ்த்தார். செசில் அம்மா எழுந்து பாட்டிலைப் பறித்து நிமிர்த்தினார்.

"இப்போ தீ அணைஞ்சுதா?"

அவர் குரலிலும் கோபம். ஏழு வருடத்தில் சவரிநாதன் அதைக் கேட்டதில்லை.

பதில் வருவதற்குள் கதவு திறந்தது. வறுத்த நெத்திலிப் பொட்டலத்தோடு அந்துவான் நின்றார். காலி கிளாஸைப் பார்த்தார். ஈர மண்ணைப் பார்த்தார்.

"கொட்டிட்டியா?"



"அறிவிருக்கா மச்சான் உனக்கு? என் பொண்ணு பிரான்சுலேர்ந்து கொண்டாந்தது. ரெண்டு வருஷமாத் தொடாம வச்சிருந்தேன். உன் படகு எரிஞ்சதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல. வெள்ளிக்கிழமை நீ இங்க வருவேன்னுதான் எடுத்துட்டு வந்தேன். தொட்டுக்க நெத்திலி வாங்கிட்டு வர்றதுக்குள்ள கொட்டிட்டியே பாவி!"

சவரிநாதன் கையை ஓங்கினார்.

"படகு எரிஞ்சப்ப நீ எங்கடா இருந்த?"

"அணைக்கத்தான் ஓடி வந்தேன். என் ஆளுங்களே அடிச்சானுங்க."

அந்துவான் சட்டையை விலக்கினார். தோள் கன்றிக் கறுத்திருந்தது.

ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு இறங்கியது.

செசில் அம்மா உள்ளே போய் ஒரு டம்ளர் எடுத்து வந்தார். பாட்டிலில் மிஞ்சியதை இரண்டு கிளாஸிலும் டம்ளரிலும் ஊற்றினார். ஆளுக்கு ஒரு மிடறுதான் வந்தது.

"கோபம் போகல அம்மா," என்றார் சவரிநாதன்.

"போகச் சொன்னேனா? குடிங்க."

சவரிநாதன் கிளாஸை எடுத்தார். போன் அடித்தது. குப்பத்து ஆள் ஒருவன்.

"பெட்ரோல் வாங்கியாச்சு தலைவரே. கிளம்பலாமா?"

சவரிநாதன் அந்துவானைப் பார்த்தார். அந்துவான் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருந்தார்.

"எவனும் அசையக் கூடாது," என்று போனில் கத்தினார் சவரிநாதன். "நான் இன்னும் குடிச்சு முடிக்கல."