புளியங்கொட்டை தின்னும் மூணு சாமி

ஒரு ஊருல ஒரு ராசா இருந்தான். ஊரு பேரைக் கேக்காதீங்க, எனக்குச் சொன்னவுகளும் சொல்லல. அந்த ஊருக்கு ஒரு பெரிய கம்மா, ஏரின்னு வச்சுக்கங்க. கம்மா நெறஞ்சா தண்ணி ஆத்துல விழுந்து, மூணு ஊரைத் தாண்டிக் கடலுக்குப் போகும். கம்மாய்க்கு மடைன்னு ஒண்ணு இருக்குமில்ல, தண்ணியத் தொறந்து விடுற வாசல், அதைச் சுத்தி அந்தக் காலத்து ஆளுக பெரிய பெரிய கல்லாப் பதிச்சு வச்சிருந்தாக. இந்த ராசா என்ன செஞ்சான், ஊஞ்சல் மண்டபம் கட்டணும்னு ஆசைப்பட்டு, அந்தக் கல்லையெல்லாம் பேத்து எடுத்துட்டுப் போயி மண்டபத்தைக் கட்டிட்டு, மடையில வெறும் மண்ணைப் போட்டு மூடிட்டான். அப்புறம் கரை ஒடையாம என்ன செய்யும்? மழைக்கு மழை ஒடைஞ்சுச்சு.

ராசா குறி சொல்றவனைக் கூப்பிட்டு, "ஏன்டா ஒடையுது"ன்னு கேட்டான். கல்லு போன கதை குறிகாரனுக்கு நல்லாத் தெரியும், சொன்னாத் தலை இருக்காது, அதனால, "கம்மா பொண்ணு கேக்குது ராசா. கம்மா யாருக்குச் சொந்தமோ அவுக வீட்டு மூத்த பொண்ணைக் கேக்குது"ன்னான். ராசாவுக்கும் ஒரு மக இருந்தா, இப்படிச் சொன்னா ராசா வாயை மூடிக்கிருவான்னு நெனச்சான் குறிகாரப் பாவி. ராசாவா வாயை மூடுறவன்? "நம்ம வீட்டுக் கூறைச் சேலை கட்டிட்டா எந்தப் பொண்ணும் ராசா வீட்டுப் பொண்ணுதான்"னு சொல்லிட்டான்.

அந்த ஊருல அங்கம்மான்னு ஒருத்தி, புருசன் இல்லாதவ, நாத்து நட்டுக் கஞ்சி குடிக்கிறவ. அவளுக்குப் பொறந்த புள்ளைக ஒண்ணும் தங்கல. கடைசியாப் பொறந்த பொண்ணைக் குப்பை மேட்டுல போட்டுப் பொரட்டி எடுத்து, குப்பாயின்னு பேரு வச்சா. ஏன் தெரியுமா? இப்படி ஒரு பேரைக் கேட்டா எந்தச் சாமியும் இது நமக்கு வேணாம்னு விட்டுட்டுப் போயிருமாம். சாமி விட்டுட்டுத்தான் போச்சு, ராசா விடல.

ராசா ஆளுக வந்தாக. "அங்கம்மா, ஆத்தோரமாவே போனா கடலோரத்துல ஒரு சீமை, அங்க ஒரு சின்ன ராசா உன் மகளைக் கேக்குறாக. தாலி கட்டிக் கூட்டிட்டுப் போயிருவாக. மழை நின்னதும் நீ போயிப் பாக்கலாம்"னாக. அங்கம்மா நம்பிட்டா. கஞ்சிக்கே வழியில்லாதவளுக்கு நல்ல சேதி வந்தா நம்பத்தானே தோணும். அவுக கொண்டாந்த செவப்புக் கூறைச் சேலையை, கல்யாணச் சேலையை, அவ கையாலயே கட்டி விட்டா. கொடுக்க ஒண்ணுமில்ல, புளியங்கொட்டையை வறுத்து முந்தானையில முடிஞ்சு விட்டு, "வழியில பசிச்சாக் கொறிச்சுக்க தாயி, போன எடத்துல போனதும் சோறு கேக்கக் கூடாது"ன்னா. குப்பாயி, "நீ எப்ப வருவ ஆத்தா?"ன்னு கேட்டா. "மழை நின்னதும் வாறேன்"னா.

அந்தப் புள்ளையை எங்க கூட்டிட்டுப் போனாகன்னு உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு, அங்கம்மாவுக்குத் தெரியாது. மண்ணோட சேத்து வச்சு மடையை மூடினாக. அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன், நீங்களும் கேக்கக் கூடாது. அப்பவாச்சும் கரை நின்னுச்சா? நிக்கல. ஒடைஞ்சு அவளையும் தூக்கிக்கிட்டு ஆத்தோட போச்சு.

மழை நின்னுச்சு, அங்கம்மா கெளம்பினா. ஆத்தோரமா நடந்து நடந்து மொத ஊருக்கு வந்தா. அங்க ஒரு புதுக் கல்லு நட்டு, எண்ணெயும் கரியும் கொழைச்சுப் பூசிக்கிட்டு இருந்தாக. "தாயி, கல்யாணப் பொண்ணு ஒண்ணு இந்தப் பக்கமாப் போச்சா?"ன்னு கேட்டா. "பொண்ணு வரல, சாமிதான் வந்துச்சு. வெள்ளத்தோட வந்தா எங்க கறுத்தம்மா, உச்சி முதல் கால் வரைக்கும் ஒரே கறுப்பு. கறுப்புன்னா காவலு. மழை மேகம் கறுப்பு, வெளையுற மண்ணு கறுப்பு. எங்க கரையில செத்த நேரம் தங்கிட்டுப் போயிட்டா"ன்னு சொல்லி, அவ கையில வறுத்த புளியங்கொட்டையை வச்சாக. "சாமிக்கு இதையா படைப்பீக?" "அவ வந்து நின்ன எடத்துல இதுதான் கெடந்துச்சு." அங்கம்மா, எம் மகளுக்கும் இதுதான் பிடிக்கும்னு சொல்லிச் சிரிச்சுக்கிட்டே கொறிச்சா. சிரிச்சா, கேட்டுக்கிட்டீங்களா, அன்னைக்கு அவ சிரிச்சா.

அப்புறம் நடந்து நடந்து ரெண்டாவது ஊருக்கு வந்தா. அங்க கல்லுக்குக் குங்குமம் பூசிக்கிட்டு இருந்தாக. "கல்யாணப் பொண்ணு ஒண்ணு இந்தப் பக்கமாப் போச்சா தாயி?" "பொண்ணு வரல, சாமிதான் வந்துச்சு. எங்க செவத்தம்மா வந்தா. செவப்புன்னா கோவம், செவப்புன்னா பேறுகாலம், ரத்தமில்லாம எந்தப் புள்ளை பொறந்துச்சு? மேலூருக்காரன் கறுப்பைக் கும்புடுறான், அவன் பொய்ச்சாமி, அந்த ஊருல நாங்க பொண்ணு எடுக்குறதில்ல. எங்க சாமி எங்க கரையில செத்த நேரம் தங்கிட்டுப் போயிட்டா." கையில புளியங்கொட்டையை வச்சாக. அங்கம்மா ஒண்ணை எடுத்து வாயில போட்டா, கடிக்க முடியல, அப்படியே ஒதுக்கிக்கிட்டு நடந்தா.

நடந்து நடந்து மூணாவது ஊரு, கடலோரம். அங்க சின்ன ராசாவும் இல்ல, சீமையும் இல்ல. மீன் காயப் போட்ட மணலும், சுண்ணாம்பு அடிச்ச ஒரு கல்லும்தான் இருந்துச்சு. கல்லுப் பக்கத்துல ஒரு கெழவி உக்காந்திருந்தா. "கல்யாணப் பொண்ணு..."ன்னு ஆரம்பிச்சா அங்கம்மா. "பொண்ணு வரல, சாமிதான் வந்துச்சு, எங்க வெள்ளையம்மா"ன்னா கெழவி. "தாய்ப்பாலு வெள்ளை, செத்தவுகளுக்குப் போத்துற துணியும் வெள்ளை. ஆரம்பமும் முடிவும் அவதான்"னு சொல்லி, கையில புளியங்கொட்டையை வச்சா.

அங்கம்மா அதைத் திங்கல. கெழவி கையப் பிடிச்சுக்கிட்டு, "சாமிக்கு என்ன வயசு தாயி இருக்கும்?"னு கேட்டா.

கெழவி, "வயசு தெரியல, கட்டியிருந்தது கூறைச் சேலைதாம்மா. உப்புத் தண்ணி சாயத்தை எடுத்து வெளுத்துப் போச்சு. பொணம் ஒதுங்கினா ஊருக்கு ஆகாதுன்னு எங்களுக்கும் தள்ளி விடத்தான் தோணுச்சு. ஆனா எங்களுக்குக் கீழ ஊரு இல்லையே, எங்க தள்ளுறது? அதனால பொதைச்சோம். பொதைச்ச பொறவு பயமா இருந்துச்சு. பயத்துக்குக் கல்லு நட்டோம்"னா. அங்கம்மா அந்த மணல்ல படுத்துக்கிட்டு, "மழை நின்னுருச்சு தாயி, ஆத்தா வந்துட்டேன்"னு சொன்னா. பெத்தவ வேற என்ன சொல்லுவா.

அழுது முடிச்சு எந்திரிச்சு, வந்த வழியே திரும்பினா. செவப்பு ஊருல நின்னு, "சாமி தங்கிட்டுப் போச்சா, நீங்க தள்ளி விட்டீகளா?"ன்னு கேட்டா. தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "மூங்கிலால தள்ளி விட்டோம்"னாக. கறுப்பு ஊருல நின்னு கேட்டா, அவுகளும் அதையே சொன்னாக. "உங்க கறுப்பு கம்மாக்கரைச் சேறு. அவுக செவப்பு நான் கட்டி விட்ட கூறை. கடலோரத்து வெள்ளை உப்புத் தண்ணி வெளுத்தது. மூணும் எம் புள்ளை. அவ இந்த ஆத்துல ஒரு தடவதான் போனா, நீங்க மூணு கதை சொல்லிக்கிட்டு ஒருத்தருக்கொருத்தர் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருக்கீக"ன்னா. கூறை கட்டிக் கூட்டிட்டுப் போன புள்ளையை ராசா மடையில வச்சு மூடினான்னு மூணு ஊருக்கும் அப்பத்தான் வெளங்குச்சு.

அடுத்த மழை வந்துச்சு. ராசா ஆளுக திரும்பவும் கூறைச் சேலையைத் தூக்கிக்கிட்டு வந்தாக. கறுப்பு ஊருல கேட்டாக, கதவைச் சாத்திட்டாக. செவப்பு ஊருல கேட்டாக, கதவைச் சாத்திட்டாக. வெள்ளை ஊருல கேட்டாக, கதவைச் சாத்திட்டு மாடு கன்னோட மேட்டுக்கு ஏறிட்டாக. கம்மா தளும்புது, ராசாவே கரைக்கு வந்து நின்னு, "மண்ணு கொண்டாங்கடா"ன்னு கத்துறான், ஒருத்தன் வரல. அங்கம்மா மட்டும் வந்தா. "ராசா, உன் மண்டபத்தைப் பிரிச்சுக் கல்லைக் கொண்டாந்து மடையில வை. நீ ஒரு கல்லைத் தூக்கினா, மூணு ஊரும் வந்து மிச்சத்தைத் தூக்கும். எம் புள்ளை வராது, மத்த புள்ளைக இருக்கட்டும்"னா.

இப்படிச் சொல்ல எப்பேர்ப்பட்ட மனசு வேணும். ராசா திரும்பி மண்டபத்தைப் பாத்தான். ஊஞ்சலைப் பாத்தான். "கல்லைத் தவிர வேற என்ன வேணும்னாலும் கேளு"ன்னான். அவன் சொல்லி முடிக்கல, அவன் நின்ன எடந்தான் மொத ஒடைஞ்சுச்சு.

ராசாவும் அதே ஆத்துலதான் போனான். மொத ஊருல சேறு பூசிக் கறுப்பா ஒதுங்கினான், மூங்கிலால தள்ளினாக. ரெண்டாவது ஊருல கட்டியிருந்த பட்டுச் செவக்கச் செவக்க ஒதுங்கினான், தள்ளினாக. மூணாவது ஊருல வெளுத்துப் போயி ஒதுங்கினான், அங்கயும் தள்ளினாக, கடல் கொண்டு போச்சு. ஒருத்தரும் கல்லு நடல, ஒரு நெறமும் கொடுக்கல. ஆனா மூணு ஊரு நெல்லும் அவனோடயே போச்சு, அந்த வருசம் பூராப் பட்டினி, அதையும் சொல்லணுமில்ல.

மிச்சமிருந்தவுக மண்டபத்தைப் பிரிச்சு மடையைக் கட்டினாக. அப்புறம் மூணு ஊருக்காரவுகளும் அங்கம்மாகிட்ட வந்து, "நட்ட கல்லைப் பிடுங்கிரலாமா தாயி?"ன்னு கேட்டாக. "இருக்கட்டும். கறுப்புப் பூசுறவுக பூசுங்க, செவப்புப் பூசுறவுக பூசுங்க, வெள்ளை அடிக்கிறவுக அடிங்க. படைக்கையில மட்டும் அவளைப் பேரு சொல்லிக் கூப்பிடுங்க, குப்பாயின்னு"ன்னா. கூட வந்த பூசாரி தயங்கினான். "சாமியைப் போயிக் குப்பாயின்னு கூப்பிடலாமா ஆத்தா?"ன்னான். "அவ சாமி ஆயிரக் கூடாதுன்னுதானேப்பா அந்தப் பேரை வச்சேன்"னா அங்கம்மா.

அன்னையிலிருந்து மூணு ஊருலயும் குப்பாயின்னுதான் கூப்பிடுறாக. அதனால, எங்க சாமி கறுப்பு, உங்க சாமி வெள்ளைன்னு எவனாச்சும் சண்டைக்கு வந்தா, உங்க சாமிக்கு என்ன படைப்பீகன்னு மட்டும் கேளுங்க. புளியங்கொட்டைன்னு சொல்லுவான், அதைக் கேட்டுக்கிட்டு ஆத்தோரமா மேல போனா, புள்ளையைத் தேடிக்கிட்டு ஒரு ஆத்தா எதுக்க வருவா.

கதை கடல்ல போயிச் சேந்துருச்சு, சொன்னவ கரையில நிக்கிறேன். போத்திக்கிட்டுப் படுங்க.