அம்மிக்குத் தடை போட்ட அரசன்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் வெண்கரை நாட்டைக் கோதண்டசேனன் என்ற அரசன் ஆண்டான். குஷி வந்தால் ஊரையே எழுதிக் கொடுப்பான். கோபம் வந்தால் கொடுத்ததைப் பிடுங்கிக்கொள்வான். அவனை அடக்க மகாராணி வகுளவல்லி ஒருத்தியால்தான் முடியும். அரண்மனையில் சமையல்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் மகள் செங்கமலத்தின் ரசத்துக்கு மிளகும் சீரகமும் தன் கையால்தான் அம்மியில் அரைப்பாள். அந்த மகராசியை விஷக்காய்ச்சல் கொண்டுபோய்விட்டது.

அதன் பிறகு விடிந்தால் போதும், ஊரில் அம்மி அரைக்கும் சத்தம் மதிலைத் தாண்டி வரும். அரசன் காதைப் பொத்திக்கொண்டு அழுவான்.

அமைச்சர் பூவராகர் மகாராணியின் அண்ணன். அவர்மேல் பொறாமையில் வெந்துகொண்டிருந்தார் சட்டநாதர் என்ற பிரதானி. இதுதான் சமயம் என்று அவர் முந்திக்கொண்டார்.

"அரசே, வீட்டுக்கு வீடு அம்மி எதற்கு? எல்லாவற்றையும் பறிமுதல் செய்வோம். ஊருக்கு வெளியே மாடு கட்டி இழுக்கிற பெரிய கல்லில் மாதத்துக்கு வேண்டியதை மொத்தமாக அரைத்துக் கொடுத்துவிடலாம். பெண்களுக்கும் வேலை மிச்சம்!"

வேலை மிச்சமாம்! அவர் என்றைக்கு அம்மிப் பக்கம் போனார்? ஆனால் அரசன் "பலே!" என்றுவிட்டான். மகாராணியின் அம்மிக்கு மட்டும் தங்கக் கவசம் போட்டுப் பூஜை அறையில் வைத்தார்கள்.

அந்தப் பெரிய கல்லில் அரைத்து வந்த பொடி வாரம் திரும்புவதற்குள் வாசனை போய் மரத்தூள் மாதிரி ஆயிற்று. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு நசுக்கிக் கொடுக்கக்கூட வீட்டில் கல் இல்லை. அரண்மனையிலும் அந்தப் பொடியில்தான் ரசம்; செங்கமலம் தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்தாள். நாளுக்கு நாள் துரும்பாக இளைத்தாள்.

"இது அம்மா ரசமே இல்ல, மாமா" என்று அவள் முனகியபோது பூவராகர் அவள் நெற்றியைத் தடவினார். தங்கையைப் பறிகொடுத்தது போதாதா? இந்தக் குழந்தையையும் பறிகொடுப்பதா?

மறுநாள் சபையில் எழுந்தார். "அரசே, சட்டநாதரின் யோசனை பிரமாதம். அதைத் தங்களுக்கும் வைத்துக்கொள்ளலாமே! தினமும் எதற்கு அழ வேண்டும்? இந்த மாதத்து அழுகையை இன்றைக்கே மொத்தமாக அழுது முடித்துவிடுங்கள்."

"கேட்டீர்களா அரசே, இந்தத் திமிரை!" என்று துள்ளினார் சட்டநாதர்.

அரசன் வாளை உருவினான். "அமைச்சரே! துக்கம் அன்றன்றைக்கு வருகிறதய்யா! இன்றைக்கே அழுது தீர்த்தால் நாளைக்கு வராமல் இருக்குமா?"

"இருக்காது, மாப்பிள்ளை." சபையில் அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "பசியும் அப்படித்தான். அன்றன்றைக்கு வேண்டிய துளியை அன்றன்றைக்கு அரைக்கத்தான் வீட்டுக்கு வீடு அம்மி. என் தங்கை அதைத்தான் செய்தாள். உங்கள் மகள் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று, தெரியுமா?"

அரசன் கையிலிருந்து வாள் நழுவியது. "சட்டநாதரே, பிடுங்கிய அம்மிகளை நீரே தலையில் சுமந்து வீடு வீடாகப் போய்ச் சேர்த்துவிட்டு வாரும்" என்றான். நேரே பூஜை அறைக்குப் போய்க் கவசத்தைக் கழற்றி எறிந்தான். அம்மியைச் சமையற்கட்டில் போட்டு, தானே உட்கார்ந்து மிளகை அரைக்க ஆரம்பித்தான்.

சத்தம் கேட்டதும் "அம்மா!" என்று ஓடி வந்தாள் செங்கமலம். நிலைப்படியில் அப்படியே நின்றுவிட்டாள். அரைத்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தண்ணி தெளிச்சு அரைக்கணும், அப்பா" என்றாள்.

ரசம் கொதித்தது. பூவராகரையும் அழைத்து மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். முதல் கவளத்திலேயே பூவராகருக்குத் தெரிந்துவிட்டது, இது தங்கையின் கைமணம் இல்லை. செங்கமலத்துக்கும் தெரிந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க, அப்பா" என்று தட்டை நீட்டினாள்.