ஒரு சாண் பின்னால்

கோவைக்கு மேற்கே, சிறுவாணி சாலையில் ஞாயிறு காலைகளில் சைக்கிள் ஓட்டும் குழு ஒன்று உண்டு. அதில் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் தமயந்தி. எல்லாரும் அவரைக் குரு என்றே சொல்வார்கள். குருவுக்கு முப்பத்தொரு வயது. புதிதாகச் சேர்ந்த சீடர் கனகசபாபதிக்கு ஐம்பத்திரண்டு.

சபாபதி நான்கு வருடம் மவுன்டன் பைக் ஓட்டியவர். காட்டுப் பாதையில், தனியாக. தடித்த டயர். குழி வந்தால் அதில் இறங்கி ஏறிப் போய்விடுவார். ரோடு பைக் வாங்கி இருபது நாள்தான் ஆகிறது. டயர் இரண்டு விரல் அகலம். தும்மினால்கூட ஹேண்டில்பார் திரும்பிக்கொள்கிறது.

குழுவில் ஒரு வழக்கம். ஒருவர் பின் ஒருவராக, ஒரு சாண் இடைவெளியில் போவார்கள். பின்னால் வருபவருக்குச் சாலை தெரியாது. குழி வந்தால் முன்னால் போகிறவர் ஒரு கையை இறக்கித் தரையைக் காட்ட வேண்டும்.

போன ஞாயிறு சபாபதி கையைக் காட்டவில்லை. கடைசி நொடியில் வெடுக்கென்று ஒதுங்கினார். பின்னால் வந்த இர்ஃபான் குழியில் விழுந்தார். தாடையில் நான்கு தையல்.

புதன்கிழமை காலை சபாபதி குருவைத் தேடி வந்தார்.

“அம்மணி, நான் பழைய வண்டிக்கே போயிரட்டுங்களா?”

“அதை வித்துட்டீங்களா?”

“இல்லீங்க. வீட்டுலதான் நிக்குது.”

“அப்பப் போங்கண்ணா.”

சபாபதி போகவில்லை. இந்தப் பதிலை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

“கைய எடுத்தா நான் விழறேன். எடுக்காட்டிப் பின்னாடி வர்றவரு விழறாரு. இதுல எதுங்க சரி?”

குரு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

“நீங்க முன்னாடி போங்க. நான் வர்றேன்.”

“எவ்வளவு தள்ளி வருவீங்க?”

“ஒரு சாண்.”

“விழுந்துருவீங்க அம்மணி.”

“விழலாம்.”

முதல் குழி வந்தது. சபாபதிக்குக் கை வரவில்லை. “குழி, குழி” என்று கத்தினார். பின்னால் குருவின் சக்கரம் குழியில் இறங்கி, ரிம் தரையில் அடிக்கும் சத்தம் கேட்டது. அவர் நிறுத்திவிட்டார்.

“கத்துனேனுங்களே.”

“காத்துல ஒண்ணும் கேக்கலை. போங்க.”

இரண்டாவது குழி. கை ஹேண்டில்பாரை விட்டு ஒரு அங்குலம் எழும்பித் திரும்ப வந்து பிடித்துக்கொண்டது. மறுபடி அதே சத்தம். இந்த முறை குருவின் வண்டி சாலையோர மண்ணில் சறுக்கி நின்றது. முழங்கையில் சிராய்ப்பு.

“போதுங்க அம்மணி. எனக்கு இது வராது.”

“போங்கண்ணா.”

மூன்றாவது முறை தூரத்திலேயே கறுப்பாக ஏதோ தெரிந்தது. சபாபதியின் இடது கை இறங்கியது. வண்டி குடிகாரனைப் போல ஆடியது. ஆனால் விழவில்லை. விரல் தரையைக் காட்டியது. கிட்டே போனபோதுதான் தெரிந்தது, அது குழி இல்லை. என்றோ இருந்த குழியைப் புதுத் தாரால் அடைத்திருந்தார்கள். சமதளம். அவர் அதன் மேலேயே ஓட்டிப் போனார். திரும்பிப் பார்த்தால், குரு ஒதுங்கி வந்துகொண்டிருந்தார்.

ஆலாந்துறையில் டீ குடிக்க நிறுத்தினார்கள்.

“ஞாயித்துக்கிழமை நான் வரட்டுங்களா, வேண்டாங்களா?”

“இர்ஃபான் உங்க பின்னாடிதான் வருவேன்னு சொல்லியிருக்கார்.”

சபாபதி டம்ளரைக் கீழே வைத்தார். “அவருக்கென்ன பைத்தியமுங்களா? குழி எது, தார் எதுன்னே எனக்கு இன்னும் பிடிபடலை. வெறும் தாருக்குப் போய்க் கையக் காட்டுனேன்.”

“பார்த்தேன். ஒதுங்கறப்பவே தாருன்னு தெரிஞ்சுது.”

“தெரிஞ்சுமா ஒதுங்குனீங்க?”

“நீங்க கையக் காட்டுனீங்களே” என்றார் குரு.