களிமண் பிள்ளை

அந்தக் காலத்தில், மனிதன் வேறு குரங்கு வேறு என்று பிரியாத காலத்தில், எல்லோரும் மரத்தின் மேலேதான் குடியிருந்தார்கள். எல்லோருக்கும் உடம்பு முழுக்க ரோமம், எல்லோருக்கும் பேச்சு. ஊர்வம்பு பேசாத கிளை ஒன்றுகூடக் காட்டில் கிடையாது.

மலையடிவாரத்து அத்திமரம் ஒன்றில் செம்பி, காரி என்று அக்காளும் தங்கையும் இருந்தார்கள். ஒரு வருஷம் மழை பொய்த்தது. அத்தி காய்க்கவே இல்லை. பட்டினி கிடந்தாலும் இறங்க மாட்டேன் என்றாள் செம்பி. காரிக்குப் பசி பொறுக்காது. "மழை வர்ற வரைக்கும்தான்க்கா" என்று சொல்லிவிட்டுப் புருஷனோடு தரைக்கு இறங்கினாள். கிழங்கு தோண்டித் தின்றாள், புல்லரிசி பொறுக்கித் தின்றாள். மழை வந்தது, போனது, மறுபடி வந்தது. காரி ஏறவில்லை. வெயிலில் நடந்து நடந்து ரோமமெல்லாம் உதிர்ந்தது, கால்விரல்கள் குட்டையாகிவிட்டன.

ஆனால் பொழுது சாய்ந்தால் அத்திமரத்தடிக்கு வந்துவிடுவாள். செம்பி தாழ்ந்த கிளைக்கு இறங்கி வந்து, தங்கையின் தலையைக் கோதிப் பேன் பார்ப்பாள். பேன் பார்ப்பது பாதி, பழங்கதை பேசுவது பாதி. அந்தச் சுகத்தைவிடப் பெரிதாகக் காரிக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

தரையில் காரிக்கு ஒரு மகன் பிறந்தான், கோவன் என்று பெயர். நடக்கத் தெரிந்ததும் பெரியம்மாவிடம் போக மரம் ஏறினான். தரையில் பழகிய கால் கிளையில் நிற்குமா? விழுந்துவிட்டான். பேச்சுமூச்சில்லாமல் கிடந்தவனை மடியில் போட்டுக்கொண்டு காரி கதறினாள். எப்படியோ பிழைத்தான். உடம்பு தேறியதும் மறுபடி மரத்தடியில் போய் நின்றான்.

"ஏறாதடா, செத்துப்போயிடுவே."

"நாம எல்லாரும் அங்கேருந்துதானே வந்தோம்? பெரியம்மாதான் சொல்லுச்சு."

அதட்டியும் பார்த்தாயிற்று, அடித்தும் பார்த்தாயிற்று. பிள்ளை உயிரோடு இருந்தால் போதும். வாயில் வந்ததைச் சொன்னாள்.

"யாரு சொன்னா? ஆத்தங்கரைக் களிமண்ணைப் பிசைஞ்சு சாமி தன் கையால உன்னைச் செஞ்சுது. ஊதி ஊதி மூச்சுக் குடுத்துது. மேல இருக்கிறவங்களுக்கும் நமக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை."

பையனின் கண் விரிந்தது. "சாமியா? அதோட கையாலயா?" அந்த மண்ணைப் பார்க்க ஆற்றுப் பக்கம் நடந்தான்.

தலைக்கு மேலே இலை அசைந்தது. செம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டி காரி, ஒட்டும் இல்லையா?"

பிள்ளைக்காகச் சொன்னேன் அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மகன் காதில் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் காரி தலையைக் குனிந்துகொண்டாள். செம்பி உச்சிக்கு ஏறிப்போனாள். அதன்பிறகு அவள் பேசவே இல்லை. அவளைச் சேர்ந்தவர்களும் பேச்சை விட்டுவிட்டார்கள்.

கோவன் மரம் ஏறவில்லை, பிழைத்துக்கிடந்தான். களிமண் கதையை எல்லாப் பிள்ளைகளுக்கும் சொன்னான். சாமி கையால் செய்த பிள்ளை என்றால் யாருக்குத்தான் கசக்கும்? மரத்திலிருந்து கூடவே இறங்கி வந்த காரியின் புருஷனே கடைசியில் அதை நம்பிவிட்டான்! காரி மட்டும் பொழுது சாய்ந்தால் மரத்தடியில் உட்கார்ந்து, தன் தலையைத் தானே கோதிக்கொண்டு, அக்காளை நினைத்து அழுதாள்.

பிறகு அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. கண்கூடத் திறக்காத அந்தச் சிசுவை மார்பில் போட்டதும், அதன் கை துழாவித் துழாவி எதையோ தேடியது. காரிக்குப் புரிந்துவிட்டது. கிளைக்குக் கிளை தாவும் தாயின் ரோமத்தை, விழுந்துவிடாமல் பற்றிக்கொள்ளத்தான் தேடுகிறது. ரோமத்துக்கு இவள் எங்கே போவாள்? விரலை நீட்டினாள். குழந்தை உயிர்போனாலும் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டது.

"உனக்கு யாருடி சொன்னா?" என்று விம்மினாள் காரி. பிறகு அண்ணாந்து, "அக்கா, இங்க வந்து பாரேன்" என்று கூப்பிட்டாள்.

அன்று முதல்தான், பிறந்த குழந்தை எந்தக் கதையும் காதில் விழுவதற்கு முன்னாலேயே, நீட்டிய விரலை இறுகப் பிடித்துக்கொள்கிறது.