எச்சத்தை விற்ற வெடுக்கன்

பறவையும் மனிதனும் ஒரே பேச்சைப் பேசிய அந்தக் காலத்தில், ஆப்பிரிக்காவின் தென்கோடிக் கடலில் ஒரு தீவு வெள்ளைவெளேர் என்று நின்றது. பனியால் அல்ல. அங்கே பனியே விழாது, வெயில்தான் மண்டையைப் பிளக்கும். தலைமுறை தலைமுறையாகக் கடற்பறவைகள் போட்ட எச்சம் ஆள் உயரத்துக்குக் கெட்டிப்பட்டுக் கிடந்தது. பென்குயின்கள் அதைக் குடைந்து வளை தோண்டி, உள்ளே முட்டை வைத்தன. வெளியே எப்படிக் காய்ந்தாலும் வளைக்குள் குளுகுளுவென்று இருக்கும்.

அங்கே வெடுக்கன் என்றொரு ஆண் பென்குயின். பேருக்கேற்ற கோபக்காரன். குஞ்சிலேயே தாய் தகப்பனைக் கடலில் பறிகொடுத்து, கொத்து வாங்கியும் கொத்தியும் வளர்ந்தவன். வளைக்கு இடம் பிடிப்பதுகூட அவனுக்கு ஒரு பேரம்தான். அவன் மனைவி நுரைச்சி. பருவம் தவறாமல் அவள் வைத்த முட்டைகளைப் படகில் வந்த மனிதர்கள் கூடையில் அள்ளிப் போய்விட்டார்கள். இப்போது வைத்திருக்கும் இரண்டில் ஒரு குஞ்சையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அவள் தவம் கிடந்தாள்.

முட்டை அள்ளியவர்களில் ஒரு படகுக்காரன் மறுபடியும் வந்தான். கையில் கூடையோடு மண்வெட்டியும் இருந்தது. வெடுக்கன் கரையிலேயே மறித்து, முட்டையைத் தொட்டால் காலைக் கிழித்துவிடுவேன் என்றான். படகுக்காரன் சிரித்தான். இந்த எச்சத்தை வயலில் போட்டால் பயிர் கருகருவென்று வருகிறதாம், அதைக் கேட்கத்தான் வந்தானாம்.

வெடுக்கனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. பேரம் பேசுகிறவன் முகத்தில் எதுவும் தெரியக் கூடாதே. இது எங்கள் பாட்டன் பூட்டன் சொத்து, லேசில் தர முடியாது என்று பிகு பண்ணி மத்தியானம் வரை இழுத்தான். கடைசியில் சொன்னான்:

“ஒரு துண்டு விடாம அள்ளிக்கோ. ஆனா இனிமே ஒரு முட்டையிலயும் கை வைக்கக் கூடாது.”

“வைக்க மாட்டேன். வாக்கு,” என்றான் படகுக்காரன்.

வெடுக்கன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வளைக்கு வந்து, பீயைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிவிட்டதாகப் பீற்றிக்கொண்டான்.

“நாம இப்போ எதுக்குள்ள உக்காந்திருக்கோம்?” என்றாள் நுரைச்சி.

வெடுக்கன் வளைச் சுவரைப் பார்த்தான். அதுவும் எச்சம்தான். வெளியே கிடப்பதுதான் எச்சம், உள்ளே இருப்பது வீடு என்றே பிறந்ததிலிருந்து நினைத்திருந்தான்.

ஓடினான். அதற்குள் படகுக்காரனின் ஆட்களும் படகுகளில் வந்து சேர்ந்து, மண்வெட்டிகள் இறங்கிவிட்டன. யாரிடமும் கெஞ்சியறியாதவன், படகுக்காரனிடம் வளைகளை மட்டும் விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினான்.

“ஒரு துண்டு விடாமன்னு சொன்னது நீதானே, குட்டைக்காலா? நான் என் வாக்கைக் காப்பாத்துறேன்.”

காப்பாற்றவும் செய்தான் பாவி. நுரைச்சியின் வளையைப் பெயர்த்தபோது, முட்டைகள் அலுங்காமல் சுற்றிலும் வெட்டி எடுத்தான்.

படகுகள் போனபோது தீவு வெறும் கரும்பாறை. நுரைச்சி இரை தேடக் கடலுக்குப் போனாள். வெடுக்கன் முட்டை மேல் உட்கார்ந்தான். வெயில் ஏறியது. கண்ணுக்கு மேலே தோல் வெந்து சிவந்தது. கழுத்தை வானத்துக்கு நீட்டி அவளைக் கூப்பிட்டான். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கிழிந்து, அந்தக் குரல் கழுதைக் கத்தலாக மாறியது. அவள் வரவில்லை. மீன் அவளை வெகுதூரம் இழுத்துப் போயிருந்தது.

தாங்க முடியாமல், உடம்பை ஒரு தடவை நனைத்துக்கொள்ள அலைக்கு ஓடினான். திரும்புவதற்குள் கடற்காகம் ஒரு முட்டையை உடைத்துக் குடித்துவிட்டது. இன்னொன்று வெயிலில் காய்ந்த பாறையைப் போலச் சுட்டது.

அலகு நிறைய மீனோடு வந்த நுரைச்சி மிச்சமிருந்த முட்டை மேல் உட்கார்ந்தாள். பொரிக்கும் நாள் வந்து போனது. பருவமும் போனது.

“அதுக்குள்ள ஒண்ணும் இல்லை. எழுந்திரு,” என்றான் வெடுக்கன்.

“தெரியும்,” என்றாள். எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்துதான் அந்தக் கரையோரப் பென்குயின்கள் வெட்டவெளியில் முட்டை வைத்து, கண்ணுக்கு மேலே சிவந்த தோலோடு, கடலைப் பார்த்துக் கழுதை போலக் கத்துகின்றன. மனிதர்கள் இப்போது வளைக்குப் பதிலாகப் பெட்டி செய்து கொண்டுவந்து வைக்கிறார்கள், ஆனால் கத்தலுக்குப் பதில் சொல்லும் துணை வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே போகிறது.