சத்தம் போடாத கார்

ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு ஆசிரமம். ஆசிரமம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு வேய்ந்த ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, ஒரு கிணறு, சில பலாமரங்கள். அவ்வளவுதான்.

அங்கே குருவாக இருந்தவர் அமிர்தவல்லி அம்மா. அதிகம் பேசமாட்டார். பேசினாலும் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் கேட்கும்.

சீடர்கள் வருவார்கள். தண்ணீர் இறைப்பார்கள், விறகு பிளப்பார்கள், கூடத்தில் கண்ணை மூடி உட்காருவார்கள். என்றைக்கோ ஒரு நாள் அம்மா ஒருவரைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லுவார். அதைக் கேட்டுக்கொண்டவர் முகமெல்லாம் சிரிப்பாக அந்த வாரமே ஊருக்குக் கிளம்பிவிடுவார்.

பிச்சாண்டியை மட்டும் கிணற்றடிக்குக் கூப்பிடவே இல்லை.

பிச்சாண்டி ஆசிரமத்தின் வேன் டிரைவர். அம்மாவைவிட வயதில் மூத்தவர். அதனால் அம்மா அவரை அண்ணா என்பார். அவருக்கும் ஆசை, தானும் ஒரு சீடனாக வேண்டும் என்று. ஆனால் கூடத்தில் கண்ணை மூடினால் குறட்டை வந்துவிடும். பாடச் சொன்னால் பலாமரத்துக் காக்கைகள் பறந்துவிடும்.

"எனக்கு வண்டி ஓட்டறதுதாம்மா தியானம்" என்பார்.

"அதையே பண்ணுங்கண்ணா" என்பார் அம்மா.

அது பழைய டீசல் வேன். அது கிளம்பினால் பக்கத்து ஊரில் பால் கறக்கிறவர்கள் சொம்பைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார்கள், மாடு உதைத்துவிடும் என்று. பிச்சாண்டிக்கு அந்தச் சத்தம்தான் எல்லாம். வேனுக்கு இருமலா, தாகமா, கோபமா என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவார்.

ஒரு நாள் பழைய சீடர் ஒருவர் வெளிநாட்டுக்குக் குடிபோகும்போது, தான் புதிதாக வாங்கியிருந்த காரை ஆசிரமத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். ஹைபிரிட் கார். வேன் பேரீச்சம்பழத்துக்குப் போனது.

காரைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க டவுனிலிருந்து ஒரு பெண் வந்தாள்.

"சாவி இதுதான் சார். பாக்கெட்ல இருந்தா போதும்."

"நுழைக்கிற ஓட்டை எங்க பாப்பா?"

"ஓட்டை கிடையாது சார். பிரேக்கை மிதிச்சு இந்தப் பட்டனை அமுக்குங்க. பச்சை விளக்கு எரிஞ்சா வண்டி ரெடி. சத்தம் வராது. இஞ்சின் தேவைப்பட்டா தானா ஓடும், தேவையில்லன்னா தானா நின்னுடும்."

"நின்னா எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்குத் தெரிய வேண்டாம் சார். அதுவே பாத்துக்கும்."

அந்தப் பெண் நல்லதாகத்தான் சொன்னாள். பிச்சாண்டிக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

மறுநாள் காலையில் பட்டனை அமுக்கினார். சத்தம் வரவில்லை. கிளம்பவில்லை போலிருக்கிறது என்று மறுபடி அமுக்கினார். கிளம்பியிருந்த வண்டி அணைந்தது. மறுபடி அமுக்கினார். கிளம்பியது. சத்தம் வரவில்லையே என்று இன்னொரு தடவை அமுக்கினார்.

சமையல்கட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த சமையல்காரி கன்னியம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னாண்ணா, காலிங் பெல்லா அடிக்கிறீங்க? உள்ள யாரும் இல்ல போலயே."

"மூச்சு இருக்கா இல்லையான்னே தெரியலம்மா இதுக்கு."

"பச்சை விளக்கு எரியுதே."

"விளக்கு எரிஞ்சா போதுமா? உசுரு இருக்குன்னா ஒரு முனகலாவது வேணாமா?"

பிறகு ஓட்டக் கற்றுக்கொண்டார். ஆனால் நம்பவில்லை. போளூர் கடைத்தெருவில் நின்றால் இஞ்சினும் நின்றுவிடும். உடனே நடுரோட்டில் இறங்கிப் பானெட்டில் காதை வைத்துப் பார்ப்பார். பின்னால் நிற்கிற பஸ்காரர், "டாக்டரே, நாடி பாத்தது போதும், வண்டியை எடுங்க" என்பார்.

பார்த்துப் பார்த்துப் பராமரிக்கவும் செய்தார். அம்மாவுக்குக் குத்தக் கூடாது என்று பின் சீட்டில் தடிமனான கம்பளியை விரித்து ஓரமெல்லாம் இறுகச் செருகினார். ரெண்டாம் நாளே முன்னால் ஒரு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பதறிப்போய் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டார்.

"பின் சீட்டோரம் சல்லடை மாதிரி ஒண்ணு இருக்கும் சார். எதையாவது போட்டு மூடிட்டீங்களா? பேட்டரி சூடாகாம இருக்க அது வழியாத்தான் காத்து போகணும்."

கம்பளியை எடுத்ததும் கொஞ்ச நேரத்தில் விளக்கு அணைந்தது.

கன்னியம்மா விடுவாளா?

"மூச்சே வரலன்னு பொலம்பினீங்க. மூக்கைப் பொத்துனதே நீங்கதானா?"

அதற்கப்புறம் இன்னொரு வினை வந்தது. கார் வருவது யாருக்கும் கேட்கவில்லை. ஊர்த் தெருவில் நெல் காயப்போட்ட கிழவர் திரும்பிப் பார்த்தால் முழங்காலுக்குப் பக்கத்தில் கார் நிற்கும். "பேய் மாதிரி வர்றியே" என்று திட்டினார்கள். பிச்சாண்டி யோசித்துப் பார்த்தார். சந்தைக்குப் போய் மாட்டுக்குக் கட்டுகிற சலங்கை வாங்கி வந்து காரின் முன்னால் வரிசையாகக் கட்டினார். கார் போகும்போது ஜல்ஜல் என்று கேட்டது. உள்ளேயும் ஏதாவது சத்தம் இருக்கட்டும் என்று பாட்டைப் பெரிதாக வைத்துக்கொண்டார். அப்போதுதான் கொஞ்சம் ஓட்ட முடிந்தது.

ஆனாலும் மனசு ஒட்டவில்லை. ஒரு புதன்கிழமை அம்மாவின் முன்னால் போய் நின்று, கையில் இருந்த சாவியை நீட்டினார்.

"வெள்ளிக்கிழமை ஆரணிக்குக் கிளம்பறேம்மா. பையன் கூப்டுகினே இருக்கான்."

"என்ன ஆச்சுண்ணா?"

"வேனுக்கு நான் வேணும்மா. எங்க அமுக்கணும், எங்க விடணும், எல்லாம் எனக்குத்தான் தெரியும். இதுக்கு நான் எதுக்கு? தானா ஓடுது, தானா நிக்குது. யாரை வெச்சு வேணா ஓட்டிக்கலாம்."

அம்மா சாவியை வாங்கவில்லை. பிச்சாண்டி தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டார்.

"எல்லாருக்கும் ஒரு வார்த்தை சொன்னீங்க. எனக்கு மட்டும் சொல்லல. வண்டியாவது இருந்துதுன்னு கிடந்தேன். இப்போ அதுவும் இல்ல."

"நாளைக்கு மலைமேல போய் சாமை வாங்கணும். கூட்டிட்டுப் போங்க. அப்புறம் கிளம்பலாம்" என்றார் அம்மா.

"சரிங்கம்மா."

மறுநாள் காலை காருக்கு முன்னால் வந்து நின்ற அம்மா சலங்கையைப் பார்த்தார்.

"இதைக் கழட்டிடுங்கண்ணா."

"சத்தம் இல்லன்னா ஜனங்க ஒதுங்க மாட்டாங்களேம்மா."

"இத்தனை நாள் அவங்க கேட்டு ஒதுங்கினாங்க. இன்னிக்கு நீங்க பாத்து ஒதுங்குங்க."

பிச்சாண்டி கழற்றினார். கன்னியம்மா அதை வாங்கி மாட்டுக் கொட்டகைக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

மலை ஏறும்போது இஞ்சின் முழுமூச்சாக உழைத்தது. அந்தச் சத்தம் கேட்டதும் பிச்சாண்டிக்கு உற்சாகம். ஒவ்வொரு வளைவிலும், "இப்போ பாருங்க, வண்டின்னா இதான்" என்றார். பாட்டையும் பெரிதாக வைத்தார்.

மலைமேல் சாமை வாங்கினார்கள். அந்த வீட்டுக்காரர்கள் ஒரு புட்டித் தேனும் கொடுத்தார்கள். மூட்டையைப் பின் சீட்டில் போடப் போன பிச்சாண்டி, சல்லடை ஞாபகம் வந்து டிக்கியில் வைத்தார். அம்மா பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

கிளம்பும்போது அம்மா முன்னால் எட்டிப் பாட்டை நிறுத்தினார்.

இறக்கம் தொடங்கியது. இஞ்சின் நின்றுவிட்டது. ஆக்சிலரேட்டரை மிதித்து எழுப்பலாம் என்று பிச்சாண்டிக்குக் கால் பரபரத்தது. ஆனால் இறக்கத்தில் அதை மிதிக்க முடியாது. பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரேக்கைத் தொடும்போதெல்லாம் முன்னால் இருந்த சின்னத் திரையில் ஒரு அம்புக்குறி பேட்டரிப் பக்கம் ஓடி, அதில் மின்சாரம் ஏறுவதைக் காட்டியது.

கார் வளைந்து வளைந்து இறங்கியது. டயர் சரளையில் உருளுகிற சத்தம். எங்கோ ஒரு மைனா. மூங்கில் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம். இந்த ரோட்டில் மூங்கில் இருப்பது அவருக்குத் தெரியும். அது சத்தம் போடும் என்று தெரியாது.

நடுரோட்டில் ஒருத்தி தலையில் விறகுக்கட்டோடு நடந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை. பிச்சாண்டி ஹாரன் அடிக்கவில்லை. அவள் வளைவைத் தாண்டி ஓரத்துக்குப் போகும்வரைக்கும் பின்னாலேயே மெதுவாக வந்தார்.

அப்போது அம்மா சொன்னார்.

"அந்தப் பாறையைப் பாத்தீங்களா? யானை படுத்திருக்கிற மாதிரி இருக்கு."

"சரிங்கம்மா" என்றார் பிச்சாண்டி.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. பாத்தீங்களா என்று கேட்டால் சரி என்பது ஒரு பதிலா?

கண்ணாடியில் பார்த்தார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

"அம்மா, இப்போ ஏதோ பேசினீங்களே?"

"எப்பவும் பேசறதுதானேண்ணா."

"எப்பவுமா?"

"ஆசிரமத்துல இருந்தா பேச வராது. வண்டியில உக்காந்தா எனக்கு வாய் நிக்காது."

"வேன்லயுமா பேசுவீங்க?"

"ஏறினதுல இருந்து இறங்கற வரைக்கும்."

பிச்சாண்டி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் பட்டனைத் தொடவில்லை.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா."

"தெரியும்."

"நான்தான் பதில் சொல்லுவேனே."

"சொல்லுவீங்க. சரிங்கம்மான்னு. எதைச் சொன்னாலும் சரிங்கம்மா. ஒரு நாள் சந்தேகமா இருந்துச்சு. அண்ணா, நாளைக்கு அந்த மீசையை எடுத்துடணும்னேன். சரிங்கம்மான்னீங்க. மறுநாள் மீசைக்கு எண்ணெய் தடவி முறுக்கிக்கிட்டு வந்து நிக்கறீங்க."

பிச்சாண்டி மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் சிரித்தார். ரெண்டு பேரும் சிரித்து ஓய்ந்தார்கள்.

பிறகு பிச்சாண்டி கேட்டார். குரல் இறங்கிவிட்டது.

"அப்போ, கிணத்தடியில மத்தவங்களுக்குச் சொல்ற மாதிரி, எனக்கும் சொல்லியிருக்கீங்களா?"

"அவங்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு மலை ஏறி இறங்கற நேரமெல்லாம்."

"ஒரு தடவை சத்தமாச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சத்தமாச் சொன்னா அது வேற ஏதோ ஆயிடுதுண்ணா."

பிச்சாண்டி ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டினார்.

"எல்லாம் வீணாப் போச்சேம்மா. இத்தனை வருஷம்."

"என்ன வீணாப் போச்சு? கேட்டவங்க எல்லாரும் கேட்ட கையோட ஊருக்குப் போயிட்டாங்க. ஒண்ணும் கேக்காம, நான் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேத்தவர் நீங்க ஒருத்தர்தான்."

பிச்சாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். கார் தானாக நகர்ந்தது.

அடுத்த வளைவில் அம்மா மெதுவாகக் கேட்டார்.

"இப்போ உங்களுக்கும் கேக்க ஆரம்பிச்சாச்சு. வெள்ளிக்கிழமை ஆரணிக்குக் காலை பஸ்ஸா, சாயங்கால பஸ்ஸாண்ணா?"

ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. பிச்சாண்டி இந்தத் தடவை 'சரிங்கம்மா' என்று சொல்லவில்லை. "வெள்ளிக்கிழமை நம்ம வண்டியில எங்க போகணும்மா?" என்று கேட்டார்.